திராட்சை விதை மாத்திரை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்குமா?

கேள்வி: கம்பம் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு வயது 58. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன்பு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேடின், ஆம்லோடிபின், மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக, உறவினர் ஒருவர் சொன்னார் என்று திராட்சை விதை கேப்ஸ்யூல் சாப்பிடுகிறார். அது அடைப்பைக் கரைத்துவிடுமாம். அதை ஆரம்பித்ததும் ராத்திரி போடுகிற கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுவிட்டார். "ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது" என்கிறார். இது சரியா? எங்கள் தோட்டத்துப் பழத்தையே சாப்பிட்டால் போதாதா? ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று மச்சினர் சொல்கிறாரே, உண்மையா? எனக்கும் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு சாயங்காலம் வீங்குகிறது. நானும் அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பிடலாமா?
— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டுப்போன கொலஸ்ட்ரால் மாத்திரையை, அதாவது அடோர்வாஸ்டேடினை, இன்றைக்கே மறுபடி போடச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அந்த மாத்திரையை ராத்திரிதான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அது உடம்பில் நீண்ட நேரம் நின்று வேலை செய்யும். ராத்திரி மறந்துபோகிறது என்றால் காலை மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டும். ஒருவேளை கை கால் தசை வலித்ததால் விட்டிருந்தால், அதை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார். இரண்டு மாதம் போடாமல் இருந்ததை மறைக்காமல் சொல்லி, லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை ஒன்று எடுத்துப் பாருங்கள். கேப்ஸ்யூலை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. திராட்சையில் இருக்கிற பொருள்கள் ரத்தக் குழாய்க்கு நல்லது செய்கின்றனவா? செய்கின்றன. இது வியாபாரிகள் கிளப்பிவிட்ட கதை என்று நான் ஒதுக்க மாட்டேன். அதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கு மேலான நல்ல அறிவியல் இருக்கிறது. ஆனால் அவை செய்கிற வேலை ஒன்று, கேப்ஸ்யூல் விற்பவர்கள் சொல்கிற வேலை வேறொன்று. அந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் தானாகவே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வார் என்று நம்புகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் ரத்தக் குழாய்களின் உட்புறம் முழுக்க, ஒரே ஒரு செல் கனத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். ரொம்ப காலம் அதைச் சும்மா ஓர் உறை என்றுதான் நினைத்திருந்தார்கள். 1980ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் அறிஞர், முயலின் பெருந்தமனியைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார். அசிட்டைல்கோலின் என்ற மருந்தைப் போட்டால் சில துண்டுகள் தளர்ந்து விரிந்தன. சில துண்டுகள் விரியவில்லை, இறுகின. காரணம் என்னவென்றால், வெட்டும்போது உட்புறம் உரசி அந்தப் படலம் போய்விட்ட துண்டுகள்தான் விரியவில்லை. அதாவது, குழாயைத் தளர்த்துகிற ஏதோ ஒன்றை அந்தப் படலம்தான் சுரக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவருக்கும் 1998ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வாயு உருவாகிச் சில நொடிகளிலேயே மறைந்துவிடும். அதற்குள் அது செய்கிற வேலை பெரிது. குழாயைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்துகிறது, ரத்தத் தட்டணுக்கள் உட்சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது, வெள்ளை அணுக்கள் சுவருக்குள் நுழைந்து அழற்சி உண்டாக்காமல் தடுக்கிறது. சுகர், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொலஸ்ட்ரால், புகை நான்கும் இந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. அடைப்பு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வருடம் முன்பே இந்தக் குறைபாடு ஆரம்பித்துவிடும். பீடி, சிகரெட் பழக்கம் அவருக்கு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதை விடாமல் எந்தப் பழத்தைச் சாப்பிட்டும் பயனில்லை.

திராட்சை இந்தக் கதைக்குள் வருவது 1993ல். அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் பெருந்தமனியை வளையங்களாக வெட்டி, ஒயின், திராட்சைச் சாறு, திராட்சைத் தோலின் சாறு ஆகியவற்றைத் தனித்தனியே விட்டுப் பார்த்தார்கள். இறுகியிருந்த வளையங்கள் தளர்ந்தன. உட்படலத்தை நீக்கிவிட்டுச் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை. எனவே திராட்சைப் பொருள்கள் நேராகத் தசையைத் தொடுவதில்லை, படலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கின்றன என்று தெரிந்தது. இதே ஆய்வில் இன்னொன்றும் கிடைத்தது. இன்றைக்கு எல்லா விளம்பரத்திலும் வருகிற ரெஸ்வெரட்ரால் என்ற திராட்சைப் பொருளைத் தனியாக விட்டபோது குழாய் தளரவில்லை. தோலில் இருக்கும் குவெர்செட்டினும் டானிக் அமிலமும்தான் தளர்த்தின. பிறகு 2006ல் லண்டன் ஆய்வாளர்கள், புரோசயனிடின் என்ற துவர்ப்புப் பொருள்கள் குழாயை இறுக்குகிற எண்டோதீலின் என்ற சுரப்பைக் குறைக்கின்றன என்று காட்டினார்கள்.

துவர்ப்பு என்று சொன்னேன் அல்லவா. பன்னீர் திராட்சையின் கொட்டையைக் கடித்தால் நாக்கு இழுக்குமே, அதுதான். திராட்சையில் இருக்கும் பாலிஃபினால்களில் (இந்தத் துவர்ப்புப் பொருள்களின் குடும்பப் பெயர் அது) 60 முதல் 70 சதவீதம் கொட்டையில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தோலில். நாம் ருசித்துச் சாப்பிடுகிற சதையில் இருப்பது சர்க்கரையும் தண்ணீரும்தான் அதிகம்.

எலிக்கு நடந்தது மனிதருக்கு நடக்குமா? 1999ல் அமெரிக்காவில், இதயக் குழாயில் அடைப்பு உறுதியான 15 பேருக்கு இரண்டு வாரம் கருநீலத் திராட்சைச் சாறு கொடுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் கையில் ஒரு சோதனை செய்தார்கள். முன்கையில் பிரஷர் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வரும். அப்போது ஆரோக்கியமான உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்கும். எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். அந்த 15 பேருக்கும் முதலில் சராசரியாக 2.2 சதவீதம்தான் விரிந்தது. சாறு குடித்த பிறகு 6.4 சதவீதம் விரிந்தது. கைத் தமனி ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாக விரிந்த குழாய் கால் மில்லிமீட்டர் விரிந்தது. சின்ன எண்ணாகத் தெரியும். உட்படலத்தின் ஆரோக்கியத்தில் இது பெரிய மாற்றம். பழையபடி வேலை செய்ய அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு இது உண்மையிலேயே நல்ல சேதி.

ஆனால் அவர்கள் குடித்த அளவைப் பாருங்கள். உடல் எடை ஒரு கிலோவுக்குத் தினம் 7.7 மி.லி. எழுபது கிலோ எடையுள்ளவர் என்றால் அரை லிட்டருக்கு மேல். அவ்வளவு சாற்றில் சர்க்கரை மட்டும் 80 கிராம், அதாவது பதினாறு டீஸ்பூன். சுகர் இருக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உட்படலத்தைக் கெடுக்கிற முதல் எதிரியே ரத்தத்தில் ஏறிய சர்க்கரைதான். அந்த ஆய்வில் 15 பேர்தான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. நம்பிக்கை தருகிற ஆய்வு, மருந்துச் சீட்டில் எழுதுகிற அளவுக்கு உறுதியானது அல்ல.

சரி, அடைப்பு கரையுமா என்ற விஷயத்துக்கு வருவோம். கரையாது. தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வது போலத்தான் பலரும் இதை நினைக்கிறார்கள், அதனால்தான் கரைக்கலாம் என்று தோன்றுகிறது. இதய அடைப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டியிருக்கிற படிவு அல்ல. உட்படலத்துக்கு அடியில், சுவருக்குள்ளேயே கொழுப்பும் அழற்சிச் செல்களும் நாரும் சுண்ணாம்பும் சேர்ந்து கட்டியாக வளர்வது. அதைத் திராட்சை விதை கரைத்ததாக மனிதரில் எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை.

அடோர்வாஸ்டேடின் என்ன செய்கிறது தெரியுமா? கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைத்து, ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கீழே இறக்குகிறது. சுவருக்குள் இருக்கும் அந்தக் கட்டியின் மேல்மூடியைக் கெட்டியாக்கி, அது திடீரென்று வெடிக்காமல் காக்கிறது. மாரடைப்பு பெரும்பாலும் அந்த மூடி வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால்தான் வருகிறது. 2011ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் இதயக் குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டுப் பார்த்தார்கள். அடோர்வாஸ்டேடின் 80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டேடின் 40 மி.கி., அதாவது இருப்பதிலேயே அதிக அளவைத் தினமும் இரண்டு வருடம் போட்டபோது, குழாய்ச் சுவரில் கட்டி பிடித்திருந்த பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்தது. இவ்வளவு பலமான மருந்து, இரண்டு வருடத்தில், ஒரு சதவீதம். அப்படியிருக்க ஒரு கேப்ஸ்யூல் மூன்று மாதத்தில் அடைப்பைக் கரைக்கும் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும் நம்பாதீர்கள். ஸ்டேடின் என்ற இந்த வகை மாத்திரையின் பலன் அந்த ஒரு சதவீதத்தில் இல்லை. அடுத்த மாரடைப்பைத் தள்ளிப் போடுவதில்தான் இருக்கிறது. அதனால்தான் அவர் விட்டுவிட்டார் என்று படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும். பரிசோதனைத் தாளில் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

திராட்சை விதைச் சாறு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு தொகுப்பில் மேல் அளவு ஒன்றரை புள்ளி குறைந்தது. இன்னொரு தொகுப்பில் ஆறு புள்ளி. இப்படிக் கூடியும் குறைந்தும் வருவதால் பிரஷர் மாத்திரையான ஆம்லோடிபினுக்குப் பதிலாக இதை வைக்க முடியாது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்து, ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனுக்குள் நிற்கிற மாதிரி சமைத்தாலே இந்த அளவு குறைப்பு கிடைத்துவிடும். அதற்குப் பாட்டில் விலை கொடுக்க வேண்டாம்.

இப்போது கேப்ஸ்யூலை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று சொல்கிறேன். அவர் ஏற்கெனவே தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்று இரண்டு மாத்திரை போடுகிறார். திராட்சை விதைப் பொருள்களும் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கக்கூடியவை. மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு ரத்தம் கசியும் என்பதை ஆய்ந்து அளந்து பார்த்து யாரும் எழுதிவைக்கவில்லை. அப்படிப்பட்ட கலவையை நான் என் நோயாளிக்குக் கொடுக்க மாட்டேன். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, சின்ன இடிக்கே தோல் கன்றிப்போகிறதா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று அவரிடம் கேளுங்கள். ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்காக ஆஸ்பிரினையோ குளோபிடோகிரெலையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. இரண்டும் இன்னும் எத்தனை நாளைக்கு வேண்டும் என்று இதய மருத்துவரைக் கேட்க ஒன்றரை வருடம் சரியான நேரம்தான்.

பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தையும் படித்துப் பாருங்கள். இந்த வகைக் கேப்ஸ்யூல்களின் அட்டையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. பெரும்பாலும் ஆங்கிலத்தில், மூலையில் இருக்கும். வைட்டமின் சி சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2005ல், ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்களிடம் செய்த ஆய்வில், வைட்டமின் சி 500 மி.கி.யும் திராட்சை விதைப் பாலிஃபினால் 1000 மி.கி.யும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்த அழுத்தம் குறையவில்லை. மேல் அளவு ஐந்து புள்ளி அளவுக்கு ஏறியது. இரண்டு நல்லது சேர்ந்தால் இரட்டிப்பு நல்லது என்று உடம்பில் கணக்குப் போட முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தத் துவர்ப்புப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது திராட்சையிலிருந்து இல்லை. 1940களில் பிரான்ஸின் போர்டோ நகரில் ஜாக் மாஸ்கெலியே என்ற விஞ்ஞானி நிலக்கடலையின் சிவப்புத் தோலிலிருந்துதான் எடுத்தார். நாம் வறுத்த கடலையைக் கையில் தேய்த்து ஊதித் தள்ளுகிறோமே, அந்தத் தோல். திராட்சை விதை அதற்குப் பிறகுதான் வந்தது. கடலைத் தோல் மலிவு என்பதால் இதில் கலப்படமும் நடக்கிறது. 2015ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கச் சந்தையில் விற்கும் 21 திராட்சை விதைத் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஆறில் இருந்தது பெரும்பாலும் கடலைத் தோல் சாறு. கடலை ஒவ்வாதவர்களுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

சிலர் ரெஸ்வெரட்ரால் மாத்திரையை வாங்கச் சொல்வார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். திராட்சைக் கொடி தன்னைத் தாக்குகிற பூஞ்சையை எதிர்க்கத் தோலிலும் இலையிலும் உண்டாக்கிக்கொள்கிற பொருள் அது. மழைக் காலத்தில் அடிச்சாம்பல் நோயோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கொடியும் தன் பங்குக்குப் போராடுகிறது. ஆனால் பழத்திலோ ஒயினிலோ இருக்கும் அளவு மிகக் கொஞ்சம். ஒரு லிட்டர் ரெட் ஒயினில் சராசரியாக 2 மி.கி. வரும். மாத்திரையில் இருப்பது 250, 500 மி.கி. அதில் 250க்கே நூறு லிட்டர் ஒயினுக்கு மேல் வேண்டும். அப்படி அதிகமாகக் கொடுத்தும் உடம்பு அதைச் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. இத்தாலியின் கியான்டி பகுதியில் 65 வயதைத் தாண்டிய 783 பேரை ஒன்பது வருடம் கவனித்த ஆய்வு 2014ல் வந்தது. உணவிலிருந்து ரெஸ்வெரட்ரால் அதிகம் கிடைத்தவர்களுக்கும் குறைவாகக் கிடைத்தவர்களுக்கும் இடையே இதய நோயிலோ ஆயுளிலோ வித்தியாசம் இல்லை. 2013ல் கோபன்ஹேகனில் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். 65 வயதை ஒட்டிய 27 ஆண்களுக்கு எட்டு வாரம் கடுமையான உடற்பயிற்சி கொடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் ரெஸ்வெரட்ரால் 250 மி.கி. கொடுத்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் இறங்கின. மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தோட்டத்தில் தினம் நடந்து வேலை பார்க்கிற ஒரு மனிதரின் உழைப்பை மாத்திரை வீணடிக்கக் கூடாது.

தோட்டத்துப் பழத்தைக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம், அளவோடு. உங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கறுத்த தோலும் கொட்டையும் உள்ள ரகம் அது. நான் மேலே சொன்ன பொருள்கள் இருப்பது அந்த இரண்டிலும்தான். கொட்டையில்லாத பச்சைத் திராட்சையைவிட இதுவே எனக்குப் பிடித்தது.

சுகர் இருப்பதால் ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கைப்பிடி, 80 கிராம் அளவு போதும். நூறு கிராமில் ஏறக்குறைய 16 கிராம் சர்க்கரை இருக்கிறது. சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம், காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளட்டும். சாறு பிழிய வேண்டாம். வடிகட்டினால் கொட்டையும் தோலும் சக்கையோடு போய்விடும், கையில் நிற்பது சர்க்கரைத் தண்ணீர். தோலோடு மென்று தின்ன வேண்டும். கொட்டையை முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும். பல் நன்றாக இருந்தால் நாலைந்து கொட்டையைக் கடித்து மெல்லலாம், கசந்தால் துப்பிவிடலாம், கட்டாயம் ஒன்றும் இல்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், பழம் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். அவர் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அந்த எண் சொல்லும். உலர் திராட்சையில் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் சர்க்கரை, அதனால் அவருக்கு அது வேண்டாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ஏறியிருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால், பொட்டாசியம் காரணமாக எந்தப் பழத்தையும் மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

மருந்து தெளித்துக் காத்திருக்க வேண்டிய நாள்கள் முடிந்த பிறகே வீட்டுக்குப் பறியுங்கள். நீங்களே பயிர் செய்பவர்கள், அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும். சந்தைக்குப் போகிற பழத்துக்கும் அதே கணக்கைப் பாருங்கள். ஓடுகிற தண்ணீரில் கொத்தைப் பிரித்து, கையால் தேய்த்துக் கழுவுங்கள். தோலின் மேல் மாவு பூசியது மாதிரி மெலிதாகத் தெரிவது பழத்தின் இயற்கையான மெழுகு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பழம் இல்லாத நாளில் இந்தத் துவர்ப்பு வேறு இடத்திலும் கிடைக்கும். நாவல்பழம், மாதுளை, நெல்லிக்காய், தோல் நீக்காத வேர்க்கடலை ஒரு பிடி, சர்க்கரை போடாத தேநீர் எல்லாவற்றிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. பாக்கிலும் உண்டுதான், ஆனால் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். அந்தப் பக்கம் போக வேண்டாம். அப்புறம், 'கிரேப்ஃப்ரூட்டோடு கொலஸ்ட்ரால் மாத்திரை சேராது' என்று செல்போனில் வருகிற எச்சரிக்கையைப் பார்த்துத் திராட்சையை நிறுத்திவிடாதீர்கள். அது பம்ளிமாஸ் இனத்துப் புளிப்புப் பழம், திராட்சை இல்லை. அந்தப் பழமும் பம்ளிமாஸும் அடோர்வாஸ்டேடின் அளவை ரத்தத்தில் ஏற்றக்கூடும் என்பதால் அவற்றை அவர் தவிர்ப்பது நல்லது.

ஒயினைப் பற்றி மச்சினரிடம் இதைச் சொல்லுங்கள். 2012ல் பார்சிலோனாவில், இதய நோய் வர வாய்ப்பு அதிகமுள்ள 67 ஆண்களுக்கு நாலு நாலு வாரமாக மூன்று பானங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ரெட் ஒயின், ஆல்கஹால் நீக்கிய அதே ஒயின், ஜின். ரத்த அழுத்தம் கணிசமாகக் குறைந்ததும் நைட்ரிக் ஆக்சைடு கூடியதும் ஆல்கஹால் நீக்கிய ஒயினில்தான். நன்மை திராட்சையிலிருந்து வருகிறது, போதையிலிருந்து இல்லை. பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2023ல் சொல்லிவிட்டது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை போடுகிறவருக்கு மருந்து என்ற பெயரில் யாரும் ஊற்றிக் கொடுக்க வேண்டாம்.

கடைசி வரியில் உங்கள் காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு உங்களை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சுருண்டு புடைத்துத் தெரிவது நரம்பு அல்ல, அசுத்த ரத்தத்தை மேலே கொண்டுபோகிற சிரை. அதற்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்து ரத்தம் கீழேயே தேங்குவதால் சாயங்காலம் வீங்குகிறது. இதில் திராட்சைக்கு ஓரளவு நல்ல சான்றே இருக்கிறது, ஆனால் விதையைவிட இலைக்கு. சிவப்புத் திராட்சைக் கொடி இலையின் சாற்றை, தினம் 360 மி.கி. என்ற அளவில் பன்னிரண்டு வாரம் கொடுத்த ஆய்வுகளில் கணுக்கால், கெண்டைக்கால் வீக்கமும் கனமாக இருக்கும் உணர்வும் குறைந்தன. ஐரோப்பிய மருந்து ஆணையமும் இந்தப் பயனுக்கு அதை ஏற்றிருக்கிறது. அது தரப்படுத்திய மருந்துச் சாறு. தோட்டத்து இலையைப் பறித்துக் கஷாயம் வைத்தால் அதே பலன் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், போதாக்குறைக்கு அது மருந்து தெளித்த இலை. அந்தச் சாறும் வீக்கத்தைக் குறைக்குமே தவிர, சுருண்ட சிரையை நேராக்காது.

அதற்கு முன்பு செய்ய வேண்டியவை இருக்கின்றன. பந்தலுக்கடியில் கவாத்து, கொத்து பறிப்பு என்று மணிக்கணக்கில் நிற்கும்போது, நடுநடுவே பத்து தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை இறுகித் தளரும்போதுதான் சிரையில் இருக்கும் ரத்தம் மேலே போகும். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை வையுங்கள். காலை எழுந்ததும், வீக்கம் வருவதற்கு முன்பே, அழுத்தக் காலுறை போட்டுக்கொள்வது எந்தக் கேப்ஸ்யூலையும்விட உதவும். சரியான அளவை மருத்துவர் எடுத்துத் தருவார். போட ஆரம்பிப்பதற்கு முன்பு காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்திருந்தாலோ புண் ஆறாமல் இருந்தாலோ இன்னும் தள்ளிப் போடாதீர்கள். வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போகும் அன்றைக்கே உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் தெரிந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அப்போது எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.